ஜிம்மிக்கு ஒரு கட்டில்

1923, ஜூலை 9, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லி அனுப்பியாயிற்று.

நேற்று நாங்கள் கோயிலிலிருந்து வந்ததும் ஜிம்மி லில்லியைக் கடித்துவிட்டது. எழுதவே கை வரவில்லை. வலது கெண்டைக்காலில் நான்கு பல். தூங்கிக்கொண்டிருந்த நாயைத் தாண்டிக் குதித்தாளாம், வால் மிதிபட்டதாம். ஏழு வயதுப் பெண் குதிக்காமல் என்ன செய்வாள். இத்தனை வருஷம் அவள் காதைப் பிடித்து இழுத்தாலும் பேசாமல் கிடந்த நாய். அதுதான் பயம்.

போன மாதம் ஒரு தெருநாய் வேலி தாண்டி வந்து ஜிம்மியோடு சண்டை போட்டது. காது கிழிந்தது. மஞ்சள் வைத்தோம், ஆறியது, மறந்துபோனோம். அந்தத் தெருநாயை முனிசிபாலிடி ஆள் சுட்டுவிட்டான் என்று பக்கத்து வீட்டு அந்தோணியம்மா இன்றைக்குத்தான் சொல்கிறாள். எதற்காகச் சுட்டான் என்று கேட்டால், "அதெல்லாம் எனக்கு என்னா தெரியும் டீச்சரம்மா, சுட்டான், இழுத்துக்கினு போனான்" என்கிறாள். இதைச் சொல்ல ஒரு மாதம் வேண்டியிருந்தது அவளுக்கு.

ஆஸ்பத்திரியில் கார்பாலிக் ஆசிட் வைத்துக் காயத்தைச் சுட்டார்கள். லில்லி போட்ட சத்தத்தில் இவர் வராந்தாவுக்குப் போய்விட்டார். காலைப் பிடித்துக்கொண்டது நான்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு இவர் ஒன்று சொல்வார், நான் ஒன்று சொல்வேன்.

முகத்திலோ கையிலோ கடித்திருந்தால் இன்றைக்கே குன்னூருக்கு ரயில் ஏற்றியிருப்பாராம். வெறிநாய்க் கடிக்கு ஊசி அங்கேதான். காலில் என்பதால் நாயைப் பார்த்துக்கொண்டு பத்து நாள் பொறுக்கலாம். 18ந் தேதி புதன்வரை நாய் நன்றாக இருந்தால் அதற்கு வெறி இல்லை, குழந்தைக்கும் ஆபத்தில்லை. அதற்குள் நாயின் குணம் மாறினாலோ, எந்தக் காரணத்தால் செத்தாலோ, ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. நாயைத் தொடக் கூடாது, அடிக்கக் கூடாது, அவிழ்த்துவிடக் கூடாது.

"அந்த நாய்தாம்மா உங்களுக்குச் சாட்சி. சாட்சிய பத்திரமா பாத்துக்குங்க" என்றார்.

இன்றைக்கே போய்விடலாம் என்றேன் நான். இவர் கேட்கவில்லை. "ஊசி வயித்துல போடுவாங்க சாரா. தினமும். ரெண்டு வாரம். டாக்டரே பொறுக்கலாம்ங்கறாரு, நீ ஏன் பறக்கற?" லில்லி போட்ட சத்தம் இன்னும் காதில் இருந்ததால் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஜிம்மி பின்கட்டு விறகுக் கொட்டகையில். தூணில் சங்கிலி. கதவு இடுக்கில் பார்த்தேன். எப்போதும்போல வாலை ஆட்டுகிறது.

ஜூலை 10, செவ்வாய்

மழை. பள்ளிக்கூடம் போனேன். நாலாம் வகுப்புப் பரீட்சைத் தாள் முப்பது பாக்கி. லில்லியைப் பார்த்துக்கொள்ள அந்தோணியம்மா.

திரும்பி வந்து பார்த்தால் கொட்டகைத் தரையில் தண்ணீர். பக்கத்து மனையிலிருந்து சுவருக்கடியில் கசிகிறது. கல் பாவிய தரை, ஐஸ்போல. ஜிம்மி நின்றுகொண்டே இருக்கிறது, படுக்க இடமில்லை. இருமுகிறது. மூக்கு ஒழுகுகிறது. வயசான நாய். இவருடைய பழைய ஸ்டேஷன் மாஸ்டர் துரை சீமைக்குப் போகும்போது எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனது. அப்போதே குட்டியில்லை.

வைக்கோல் போட்டோம். ஒரு மணி நேரத்தில் சொதசொதவென்று ஊறிவிட்டது. வீட்டுக்குள் கொண்டுவர முடியாது, லில்லி இருக்கிறாள். கொட்டகை தவிர வேறு பூட்டுகிற இடமும் இல்லை.

குளிரில் விறைத்துச் செத்தால்? செத்தால் சாட்சி போச்சு. வெறியால் செத்ததா, சளியால் செத்ததா என்று யார் சொல்வது?

தரையிலிருந்து தூக்கினால்தான் உண்டு. கட்டில் செய்யவேண்டும் என்றேன்.

"நாய்க்குக் கட்டிலா? நாம ரெண்டு பேரும் பாயில படுக்கறோம்" என்று சிரித்தார் இவர். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இன்றைக்குத்தான் சிரிப்பு. எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிறகு நானும் சிரித்தேன்.

தேட வேண்டியவை:
பலகை – இவர் கூட்ஸ் ஆபீசில் உடைந்த சாமான் பெட்டி கிடக்கும்
கால் – பள்ளிக்கூடத்துப் பழைய பெஞ்சு (பெரிய மிஸ்ஸைக் கேட்க)
நாடா – பரண்மேல் பழைய கட்டிலில் பிரித்தது, எலி தின்றது போக
கோணி, கோணி ஊசி, சணல்
ஆணி – பழையதை நிமிர்த்திக்கொள்ளலாம்
சீயக்காய் தீர்ந்துவிட்டது (இது கட்டிலுக்கில்லை)

காசு கொடுத்து ஒன்றும் வாங்கப் போவதில்லை. குன்னூருக்குப் போக நேர்ந்தால் வேண்டும்.

ஜூலை 11, புதன்

பெரிய மிஸ் பெஞ்சுக் கால் நான்கையும் கொடுத்தார். "வாட் ஃபார், சாரா டீச்சர்?" நாய்க்கட்டிலுக்கு என்று சொன்னேன். அந்த அம்மாளுக்கும் மூன்று நாய். ஒன்றும் கேட்காமல் இன்னும் இரண்டு கட்டை சேர்த்துக் கொடுத்தார்.

அளவு எடுப்பது பெரும்பாடு. தொடக் கூடாத நாயை எப்படி அளப்பது. இவர் கைகளை விரித்துக் காட்டி "இவ்ளோ இருக்கும்" என்கிறார். இவர் காட்டிய அளவில் கன்றுக்குட்டி படுக்கலாம். கடைசியில் லில்லியைக் கேட்டோம். ஜிம்மி எப்படியடி படுக்கும்? கூடத்துத் தரையில் சுருண்டு படுத்துக் காட்டினாள். முழங்கால் மடக்கி, முகத்தைக் கைக்குள் வைத்து. "இப்பிடி. அப்பறம் ஒரு தடவ சுத்திக்கும்." சுண்ணக்கட்டியால் அவளைச் சுற்றிக் கோடு போட்டேன். கட்டுப் போட்ட கால் கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கோட்டை இன்னும் துடைக்கவில்லை.

ஆணி நிமிர்த்த அம்மிக்குழவி. விரலில் ஒரு அடி. சட்டம் நான்கு பக்கமும் சேர்ந்தது, ஒரு மூலை மட்டும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. நடுவில் குறுக்குக் கட்டை வைக்கவேண்டாம் என்றேன், முதுகில் குத்தும். இவர் வைக்கவேண்டும் என்றார், பாரம் தாங்காது. அரை மணி நேரம் தர்க்கம். வைக்கவில்லை. நாடா பாதிக்குமேல் போதவில்லை, மிச்ச இடத்துக்குக் கோணியை இரண்டாக மடித்துச் சணலால் தைத்தேன். நாற்பது தையல் போடுவதற்குள் ஊசி உள்ளங்கையைத் துளைத்தது. நாடாவை எத்தனை இறுக்கினாலும் நடுவில் தொய்கிறது. கடைசியில் இவர் மேலே உட்கார்ந்து பார்த்தார். தாங்கியது. தையல் டீச்சர் என்று பேர் எடுத்ததற்கு இன்றைக்குத்தான் பலன்.

ஜிம்மி சோறு தின்றது. கொஞ்சம். சங்கிலி சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

ஜூலை 12, வியாழன்

கட்டில் கொட்டகைக்குள் போயிற்று. வேடிக்கை ஜன்னலில், வேலை கதவில்: இவர் ஜன்னல் பக்கம் எலும்பைக் காட்டி ஜிம்மிக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார், நான் துணிக்கொடி மூங்கிலால் கட்டிலை உள்ளே தள்ளினேன். அந்தோணியம்மா திறந்த வாய் மூடாமல் வேடிக்கை. "கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்ளோ கஷ்டப்பட்டுக் கட்டில் போடல டீச்சரம்மா எங்க வீட்ல."

ஏறவில்லை. மோந்து பார்த்தது, சுற்றியது, கட்டிலுக்கு அடியில் போய் ஈரத்தில் படுத்துக்கொண்டது! எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெஞ்சுக் கால் முழங்கால் உயரம். கிழட்டு நாய் எப்படி ஏறும்? மழைத் தண்ணீர் தெறிக்காமல் இருக்க உயரமாக இருக்கட்டும் என்று சொன்னது யார்? நான்தான்.

மூங்கிலால் கொக்கி போட்டு வெளியே இழுத்தோம். காலை ஒரு சாண் வைத்து அறுத்தார் இவர். அறுத்ததில் ஒரு கால் குட்டை. அதற்கடியில் ஓட்டுச் சில்லு. மறுபடி ஜன்னல், மறுபடி எலும்பு, மறுபடி மூங்கில்.

சாயங்காலம் நாலரைக்கு முன்னங்கால் இரண்டை வைத்தது. எடுத்தது. வைத்தது. லில்லி எனக்குப் பின்னாலிருந்து "ஏறு ஜிம்மி, ஜல்தி ஏறு" என்று கத்தினாள். அவள் குரல் கேட்டதும் ஏறிவிட்டது. ஒரு சுற்று சுற்றி, சுண்ணக்கட்டிக் கோட்டில் அவள் படுத்த மாதிரியே சுருண்டு படுத்தது. காய்ந்த கோணி. கண்ணை மூடிக்கொண்டது.

இவர் என் தோளில் கை வைத்தார், அந்தோணியம்மா பார்க்கிறாள் என்றுகூடப் பார்க்காமல்.

ஆண்டவரே, ஸ்தோத்திரம். இன்னும் ஆறு நாள்.

ஜூலை 13, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. பத்து மணிக்கு மறுபடி மூட்டம். பரீட்சைத் தாள் திருத்தி முடித்தேன். "ஆறுகளால் உண்டாகும் நன்மை யாது" என்ற கேள்விக்கு ஒருத்தி "மீன்" என்று மட்டும் எழுதியிருக்கிறாள். முழு மார்க் போட்டேன்.

ஜிம்மிக்கு இருமல் குறைவு. மூக்குச்சளி மட்டும் அப்படியே. எலும்பைக் காட்டினால் முன்பெல்லாம் வாசலிலேயே மோப்பம் பிடிக்கும், இப்போது மூக்குக்கு எதிரே நீட்டவேண்டியிருக்கிறது. கிண்ணத்துத் தண்ணீர் குடித்தது, கண்ணால் பார்த்தேன். வெறிநாய் தண்ணீர் குடிக்காது என்று எல்லாரும் சொல்கிறார்கள். இவருக்கு ஒரே குதூகலம். கண்டவரிடமெல்லாம் சொல்கிறார்.

எறும்புத் தொல்லை. ஈரத்துக்குப் பயந்து விறகிலிருந்த கட்டெறும்பு முழுக்கக் கட்டில் காலில் ஏறுகிறது. நாயின் கிழிந்த காதில் புண் மறுபடி வாய் திறந்திருக்கிறது, அங்கே மொய்க்கிறது. அது தலையை உதறி உதறிச் சங்கிலியை இழுக்கிறது. தூங்கவிடவில்லை.

சாப்பாட்டு அலமாரிக்குச் செய்வதைச் செய்தேன். அந்தோணியம்மாவிடம் நான்கு கட்டிப்பால் டின் வாங்கி, தண்ணீரும் பினாயிலும் ஊற்றி, நான்கு காலையும் டின்னுக்குள் நிறுத்தியாயிற்று. வெறும் தண்ணீர் என்றால் கட்டெறும்பு நீந்தி வந்துவிடும். ஊரில் பிளேக் வந்த வருஷங்களிலிருந்து பினாயில் இல்லாமல் இந்த வீட்டில் ஒரு வேலை நடந்ததில்லை. இவர் மூங்கிலால் கட்டிலை நெம்ப, நான் இடுக்கியால் டின்னைத் தள்ள, ஜிம்மி மேலே உட்கார்ந்தபடி எங்களை மாறி மாறிப் பார்த்தது, ஜட்காவில் சவாரி போகிற துரைசாணி மாதிரி.

எறும்பு நின்றது. பத்து நிமிஷத்தில் குறட்டை.

என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்று எழுதாவிட்டால் பொய்.

ஜூலை 14, சனி

ஜிம்மிக்கு வாயில் நுரை.

காலையில் கஞ்சி தள்ளப் போனபோது பார்த்தேன். கோழை கோழையாக வடிகிறது, கோணி நனைந்திருக்கிறது. கஞ்சியைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது. தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. சங்கிலியில் தட்டுப்பட்டிருக்கும். புதிதாகத் தண்ணீர் ஊற்றி மூங்கிலால் தள்ளினேன். குடிக்கவில்லை. கிண்ணம் பக்கத்தில் வந்ததும் உடம்பெல்லாம் ஒரு நடுக்கம்.

இவரைக் கூப்பிட்டேன். சத்தம் போடாமல், கையை ஆட்டி. வந்து பார்த்தார்.

"சளிதான். சளி வாய் வழியா வருது."

"நடுங்குதே."

"குளிரு சாரா."

"கட்டில் போட்டாச்சே. குளிர் எங்க?"

அவர் ஆபீசுக்குப் போகவில்லை. நானும் போகவில்லை. அவருக்கும் தெரிந்துவிட்டது. வாயால் சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

டாக்டர் ஊரில் இல்லை, திங்கள்தான் வருவாராம். கம்பவுண்டர் சொன்னது: "எதுக்கும் பெட்டி கட்டி வெச்சுக்குங்க."

அந்தோணியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு: "சொல்றன்னு கோச்சுக்காத. ஆளக் கூப்ட்டு சுட்டுடுங்க. எங்க வீட்லயும் புள்ளைங்க இருக்குது." சுடக் கூடாது, டாக்டர் உத்தரவு என்றேன். "டாக்டருக்கு இன்னா, அவரு வூட்லயா நுரை தள்ளுது" என்று உள்ளே போனாள். ஐந்து நிமிஷத்தில் லில்லிக்கு இட்லி அனுப்பினாள்.

லில்லி என் முகத்தையே பார்க்கிறாள். காயம் அரிக்கிறதா என்று பத்துத் தடவை கேட்டுவிட்டேன். இப்போது கேட்காமலே "அரிக்கல" என்கிறாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். தாகமில்லை என்றவளை மறுபடி குடிக்க வைத்தேன்.

ஜூலை 15, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. மணி மட்டும் கேட்டது.

ஜிம்மியால் எழுந்திருக்க முடியவில்லை. பின்னங்கால் இழுத்துக்கொள்கிறது. கட்டிலைவிட்டு இறங்கவில்லை. தலை மட்டும் கட்டிலின் ஓரத்தில் தொங்குகிறது. லில்லியின் பேரைச் சொன்னால் வால் நுனி அசைகிறது. வெறி வந்த நாய் வாலை ஆட்டுமா? யாரைக் கேட்பது?

இவரோடு சண்டை. சுவருக்குக் கேட்காத சத்தத்தில், ஆனால் சண்டைதான். நான் அன்றைக்கே சொன்னேன் என்றேன். எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியவில்லை. ஒரு தடவை போதும். அவர் கடைசியில், "ஆமா. நீ சொன்னே" என்றார். அதற்குமேல் சண்டைபோட வழியில்லாமல் போய்விட்டது.

தீர்மானம்: நாளை காலை டாக்டரைப் பார்த்துக் கடுதாசி வாங்கவேண்டும், அது இல்லாமல் அங்கே ஊசி போடமாட்டார்களாம். இடம் கிடைப்பது செவ்வாய் சாயங்கால வண்டியில்தான், நானும் லில்லியும். இவருக்கு லீவு கிடைக்காது. பெரிய மிஸ்ஸுக்குச் சீட்டு எழுதினேன். லில்லியின் கம்பளிச் சட்டை சிறிதாகிவிட்டது, கைமுனையைப் பிரித்து இறக்கினேன். குன்னூரில் குளிர் எப்படியோ.

"எதுக்கு ஊருக்கு? ஜிம்மிய யாரு பாத்துக்குவா?" என்கிறாள். அப்பா என்றேன்.

ஜூலை 16, திங்கள்

ஜிம்மி செத்துப்போயிற்று. விடிகாலையில் பார்த்தபோது விறைத்திருந்தது. கட்டில்மேலேயே.

தொடாமல் எடுக்கவேண்டும் என்று கட்டிலோடு கொக்கி போட்டு இழுத்தோம். முன்பக்கக் கால் இரண்டும் டின்னோடு வந்தன, பினாயில் தண்ணீர் தளும்பத் தளும்ப. பின்பக்கம் இரண்டும் தூக்க இலேசாக இருந்தன. தலை வைத்துப் படுத்த பக்கம். இரண்டு டின்னும் காலி. ஓட்டை இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒழுகவில்லை. உள்பக்கம் நக்கித் துடைத்த மாதிரி பளபளவென்று.

வெள்ளி ராத்திரி கிண்ணம் கவிழ்ந்திருக்கிறது. தாகம். மூக்கு அடைப்பு, நாற்றம் தெரியவில்லை. கலங்கிய பால்போல வெள்ளைத் தண்ணீர், மூக்குக்கு நேர் கீழே. அதுவும் நான் வைத்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், ஈரத்தில். இவரிடம் டின்னைக் காட்டினேன். முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் எப்படி மலர்ந்தது! அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

"அப்ப அதுக்கு வெறி இல்ல! குடிச்சிருக்கு பாரு. ரெண்டு டின்னு குடிச்சிருக்கு. பினாயில்தான் சாரா, வெறும் பினாயில். புள்ளைக்கு ஒண்ணுமில்ல. எங்கயும் போக வேணாம்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீதான காட்டற?"

"நான் டின்னு காலின்னு காட்டறேன். வெறி இல்லன்னு எங்க காட்டறேன்?"

ஆஸ்பத்திரிக்கு இருவரும் போனோம். டாக்டர் டின் கதையைக் கடைசிவரை கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ரெண்டும் இருக்கலாம்மா. பினாயில் குடிச்சு செத்திருக்கலாம். வெறி உள்ள நாயே பினாயிலும் குடிச்சிருக்கலாம், சில நாய் கடைசிவரைக்கும் குடிக்கும். புதன்வரைக்கும் உயிரோட இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். இப்ப மூளைய சோதிச்சுத்தான் சொல்ல முடியும். அதுவும் குன்னூர்லதான். முடிவு வர்ற வரைக்கும் ஊசிய நிறுத்த மாட்டாங்க."

நாயின் தலையை எடுத்து மருந்தில் போட்டு, போகிறவர்களே கொண்டுபோக வேண்டுமாம். மாட்டாஸ்பத்திரியில் எடுத்துக் கொடுப்பார்கள்.

ஜட்காக்காரன் கோணி போர்த்திய நாயைப் பார்த்ததும் "பேடா சாமி, பேடா", வேண்டாம் என்று கன்னடத்தில் சொல்லிக் குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். கட்டிலை இவர் ஒரு பக்கமும் அந்தோணியம்மாவின் வீட்டுக்காரர் ஒரு பக்கமும் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிவரை நடந்தார்கள். நடுவில் குறுக்குக் கட்டை இல்லாமலே பாரம் தாங்கியது. லில்லியை அந்தோணியம்மா முன்கட்டில் உட்கார வைத்துச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தாள்.

ஜெபம் செய்யப் பார்த்தேன். எப்படிக் கேட்பது? நான் கொன்றது நல்ல நாயாக இருக்கவேண்டும், ஆண்டவரே. ஒரு குற்றமும் இல்லாத நாயை நான் விஷம் வைத்துக் கொன்றதாகவே இருக்கட்டும். அந்தப் பழி எனக்கு வேண்டும். அது இல்லாவிட்டால் லில்லி.

இன்னொன்றும் இருக்கிறது. நாய் நல்ல நாய் என்றால், என் குழந்தை வயிற்றில் ஏறப்போகிற ஊசி எல்லாம் என்னால். நான் டின் வைக்காமல் இருந்திருந்தால் புதன்கிழமை வாலை ஆட்டிக்கொண்டு வெளியே வந்திருக்கும். அதையும் ஏற்றுக்கொள்கிறேன். எதை ஏற்றுக்கொண்டால் போதும் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

ஜூலை 17, செவ்வாய்

தூறல். சாயங்காலம் வண்டி.

கொண்டுபோக: கம்பளி 2. லி. சட்டை 4. டாக்டர் கடுதாசி. வேதாகமம். புளிச்சோறு. எலுமிச்சம்பழம் (மலைப்பாதையில் வாந்தி வரும் என்கிறாள் அ.). ஸ்லேட்டு. மரப்பெட்டி.

மரப்பெட்டியை இவர் மத்தியானம் கொண்டுவந்தார். உள்ளே ஜாடி, சுற்றிலும் மரத்தூள், மூடி ஆணியடித்து அரக்கு வைத்திருக்கிறது. கூஜா அளவுக்கு மேல் கனமில்லை. கூடத்தில் வைக்கவில்லை, தாழ்வாரத்தில் வைத்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார், மறுபடி கழுவினார். பிறகு கிணற்றடியில் உட்கார்ந்து அழுதார். நான் போகவில்லை. என்னைப் பார்த்தால் அழுகையை நிறுத்திக்கொள்வார் என்று தெரியும்.

லில்லியிடம் இன்னும் சொல்லவில்லை. ஊசிக்குப் பயப்படாதே என்று சொல்லும் வாயால் அதையும் எப்படிச் சொல்வது. ஜிம்மி கொட்டகையில் தூங்குகிறது என்று இவர் சொல்லிவிட்டார். நம்பிவிட்டாள். கதவுக்கு வெளியே நின்று "நான் ஊருக்குப் போய்ட்டு வரேன் ஜிம்மி, நீ கடிச்சதுக்குக் கோவம் இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கண்டோன்மென்ட் தண்டு ஸ்டேஷனில் ஒரே நெரிசல். ஜன்னல் வழியாக இவர் பெட்டியைக் கொடுத்தார். "பத்திரம்" என்றார். லில்லியையா, அதையா என்று கேட்கவில்லை. வண்டி நகர்ந்தபோது கூடவே கொஞ்ச தூரம் நடந்தார். "முடிவு தெரிஞ்ச உடனே தந்தி அடி. நல்லதோ கெட்டதோ." பிளாட்பாரம் தீர்ந்துவிட்டது.

ஜூலை 18, புதன்

மலை வண்டி. எழுத்து ஆடுகிறது. மேட்டுப்பாளையத்தில் காப்பி குடித்தோம், வெந்நீர்தான். மூடுபனி. இடதுபக்கம் பள்ளம், நான் பார்க்கவில்லை. எங்களோடு நெல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம், அதே ஆஸ்பத்திரிக்கு. அவர்கள் பையனை முகத்தில் கடித்திருக்கிறது. அந்தத் தாயும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாஷை தெரியாது. எலுமிச்சம்பழம் ஒன்று கொடுத்தேன்.

இன்றைக்குத்தான் டாக்டர் வைத்த கெடு. இன்றைக்குக் கதவைத் திறந்து சங்கிலியை அவிழ்த்துவிட்டிருக்க வேண்டும்.

லில்லி சந்தோஷமாக இருக்கிறாள், அதுதான் தாங்கவில்லை. ரயில் குகைக்குள் போகும்போதெல்லாம் கத்துகிறாள். குன்னூரிலிருந்து ஜிம்மிக்கு பிஸ்கட் வாங்கவேண்டுமாம், அது கிழவி ஆகிவிட்டதால் பல்லுக்கு மெத்தென்று இருக்கிற பிஸ்கட். சரி என்றேன்.

பெஞ்சு உயரம். அவளுக்குக் கால் எட்டவில்லை, கட்டுப் போட்ட கால் தொங்கி வலிக்கிறது. பெஞ்சுக்கடியிலிருந்த மரப்பெட்டியைக் காலால் தானே இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, இதுமேல கால் வெச்சுக்கட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. ஏன் என்று கேட்பாள்.

வைத்துக்கொள் என்றேன்.